வண்டி மாறியது, எரிபொருள் மாறியதா?

அமெரிக்க அஞ்சல் துறை 1999-ல் தொடங்கி ஆறேழு ஆண்டுகளில் 30,000-க்கும் மேற்பட்ட புது வண்டிகளை வாங்கியது. பெட்ரோல் ஊற்றினாலும் ஓடும், 85 சதவீதம் எத்தனால் கலந்த இ-85 ஊற்றினாலும் ஓடும் வண்டிகள் அவை. அரசுத் துறைகள் மாற்று எரிபொருள் வண்டிகளை வாங்கியே ஆக வேண்டும் என்று ஒரு சட்டம் இருந்தது. அந்தச் சட்டத்தின் கணக்கில் 30,000 வண்டிகளும் ஏறின. ஆனால் எத்தனாலில் ஓடியவை ஏறக்குறைய 1,000 மட்டுமே. மற்றவற்றுக்கு எத்தனால் நிரப்பப் பக்கத்தில் பங்க் இல்லை. போதாக்குறைக்கு, எத்தனால் வசதியோடு கிடைத்த வண்டிகள் பெரிய இன்ஜின் கொண்டவை. பழைய வண்டிகளைவிட அதிக பெட்ரோல் குடித்தன. பெட்ரோலைக் குறைக்க வாங்கிய வண்டிகளால் அந்தத் துறையின் பெட்ரோல் செலவு 15 லட்சம் காலனுக்கு மேல் கூடிப்போனதாக ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனம் 2008-ல் எழுதியது.

இதில் லஞ்சம் இல்லை, கள்ளக்கணக்கும் இல்லை. ஒவ்வோர் அதிகாரியும் தனக்கு இட்ட வேலையைச் செய்திருக்கிறார். சட்டம் எண்ணச் சொன்ன பொருள்தான் தவறு. எத்தனை வண்டி வாங்கினீர்கள் என்று கேட்டது. அந்த வண்டியில் எதை ஊற்றினீர்கள், எத்தனை கிலோமீட்டர் ஓட்டினீர்கள் என்று கேட்கவில்லை. இன்று இந்தியாவில் மத்திய அரசும் மாநில அரசுகளும் மின்பேருந்துகளையும் எரிவாயு வண்டிகளையும் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு கொடியசைப்பு விழாவிலும் வண்டிகளின் எண்ணிக்கைதான் சொல்லப்படுகிறது. அந்த எண்ணிக்கையை வைத்து ஓர் அரசின் முயற்சியை அளக்க முடியாது. எரிக்காமல் மிச்சப்பட்ட டீசல் எத்தனை லிட்டர், வண்டிகள் ஓடியது எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்குதான் உண்மையைச் சொல்லும்.

அமெரிக்கச் சட்டத்தின் கதையைச் சற்று விரிவாகப் பார்ப்பது நமக்குப் பயன்படும், ஏனென்றால் அது நல்ல எண்ணத்தோடு எழுதப்பட்டது. வளைகுடாப் போர் முடிந்த மறு ஆண்டு, 1992 அக்டோபரில், அதிபர் மூத்த புஷ் அதில் கையெழுத்திட்டார். வெளிநாட்டு எண்ணெயை நம்பியிருப்பதைக் குறைப்பது நோக்கம். புது எரிபொருளுக்கு பங்க் இல்லாததால் வண்டி விற்காது, வண்டி இல்லாததால் பங்க் வராது. இந்த முடிச்சை அவிழ்க்க முதல் வாடிக்கையாளராக அரசே வரட்டும் என்பது யோசனை. பெரிய நகரங்களில் மத்திய அரசுத் துறைகள் வாங்கும் கார்களிலும் சிறு வண்டிகளிலும் 1996-ல் 25 சதவீதம், 1997-ல் 33, 1998-ல் 50, 1999 முதல் 75 சதவீதம் மாற்று எரிபொருள் வண்டிகளாக இருக்க வேண்டும் என்று படிப்படியாக விதித்தது. காவல், அவசரகால வண்டிகளுக்கு விலக்கு உண்டு. அரசு வாங்கினால் சந்தை பின்னால் வரும் என்ற இந்தக் கணிப்பில் தர்க்கக் குறை எதுவும் இல்லை.

குறை வேறு இடத்தில் இருந்தது. 1988-ல் வந்த இன்னொரு சட்டம், இரு எரிபொருளிலும் ஓடும் கார்களைத் தயாரிக்கும் கம்பெனிகளுக்கு மைலேஜ் விதிகளில் சலுகை தந்தது. அந்தக் கார் வாழ்நாளில் ஒரு சொட்டு எத்தனாலைக்கூடப் பார்க்காவிட்டாலும் சலுகை உண்டு. ஆகவே கம்பெனிகள் அவற்றைக் குவித்தன. விலையும் சாதாரணக் காரின் விலைதான் என்பதால் அரசுத் துறைகள் அவற்றையே வாங்கி இலக்கை எட்டின. எரிவாயு வண்டியோ மின்வண்டியோ வாங்கினால் நிரப்புவதற்கு ஏற்பாடு செய்தாக வேண்டும். இதற்கு அந்தத் தொல்லை இல்லை, வழக்கமான பங்கிலேயே பெட்ரோல் போட்டுக்கொள்ளலாம். இ-85 இன்றைக்கும் அங்கே சில ஆயிரம் பங்குகளில்தான் கிடைக்கிறது. அவற்றிலும் பெரும்பகுதி மக்காச்சோளம் விளையும் மத்திய மேற்கு மாநிலங்களில். முடிச்சை அவிழ்க்க வந்த சட்டம் அதை அப்படியே விட்டுவிட்டுப் போனது.

பிறகு திருத்தங்கள் வந்தன. 2000-ல் அதிபர் கிளிண்டன் பிறப்பித்த ஆணை, 1999-ஐ அடிப்படையாக வைத்து 2005-க்குள் அரசு வண்டிகளின் பெட்ரோலிய நுகர்வை 20 சதவீதம் குறைக்கச் சொன்னது. எண்ண வேண்டியது எரிபொருளை என்பது அப்போதே சிலருக்குப் புரிந்திருக்கிறது. 2002-ல் சுற்றுச்சூழல் அமைப்புகள் பதினெட்டுத் துறைகள் மீது வழக்குத் தொடுத்தன. துறைகள் சட்டத்தை மீறியதாகக் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த ஆண்டே சொன்னது. இரு எரிபொருள் வண்டிகளில் மாற்று எரிபொருளையே நிரப்ப வேண்டும் என்ற விதி 2005-ல்தான் எழுதப்பட்டது. அதிலும் ஐந்து மைல் தூரத்துக்குள் அல்லது பதினைந்து நிமிட ஓட்டத்துக்குள் எரிபொருள் கிடைக்காவிட்டால் விலக்குக் கேட்கலாம். கேட்டார்கள், பெரும் எண்ணிக்கையில் பெற்றார்கள். சட்டம் வந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, வண்டியை வாங்கினால் போதாது என்ற வரி சட்டப் புத்தகத்தில் ஏறியது. அந்தப் பதின்மூன்று ஆண்டுகளை நாமும் செலவழிக்க வேண்டிய அவசியமில்லை.

செலவழிக்காமல் தப்பித்த ஓர் ஊர் நம் நாட்டிலேயே இருக்கிறது. சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி.மேத்தா 1985-ல் தொடுத்த வழக்கில், 1998 ஜூலை 28 அன்று உச்ச நீதிமன்றம் டெல்லிக்கு ஓர் ஆணை பிறப்பித்தது. நகரப் பேருந்துகள் அனைத்தும் 2001 மார்ச் 31-க்குள் சிஎன்ஜி என்னும் அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும். அந்த ஆணையில் இருந்த ஒரு சொற்றொடரைத்தான் நான் இந்தக் கட்டுரையின் மையமாகக் கருதுகிறேன்: சிஎன்ஜி-யில் மட்டும் ஓடும் ஒற்றை எரிபொருள் முறை. டீசலுக்குத் திரும்பும் கதவு மூடப்பட்டது. திரும்ப வழியில்லாத வண்டிக்கு எரிவாயு கிடைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் நகரம் நின்றுவிடும். நிரப்பு நிலையங்களை எண்பதாக உயர்த்தவும் அதே ஆணை காலக்கெடு விதித்தது. நகருக்கு எரிவாயு வழங்கும் இந்திரபிரஸ்தா கேஸ் நிறுவனம் 1998 டிசம்பரில் உருவானது. வண்டி, எரிபொருள், நிலையம் மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டியது இந்த ஆணை. அமெரிக்கச் சட்டம் வண்டியை மட்டும் கட்டிவிட்டு மற்ற இரண்டையும் சந்தை பார்த்துக்கொள்ளும் என்று விட்டது.

டெல்லியில் அது சுலபமாக நடக்கவில்லை. 2001 ஏப்ரலில் ஆயிரக்கணக்கான பேருந்துகள் சாலைக்கு வர முடியாமல், மக்கள் நிறுத்தங்களில் தவித்தார்கள். எரிவாயு நிரப்ப ஆட்டோக்களும் பேருந்துகளும் இரவு முழுக்க மைல் கணக்கில் வரிசையில் நின்றன. சில சிஎன்ஜி பேருந்துகள் தீப்பிடித்தன. கெடு ஒன்றுக்கு மேற்பட்ட முறை தள்ளிப்போனது. விஞ்ஞானி மாஷேல்கர் தலைமையிலான நிபுணர் குழு, அரசு புகை அளவுக்குத்தான் வரம்பு விதிக்க வேண்டும், இந்த எரிபொருள்தான் என்று விதிக்கக் கூடாது என்றது. இது எளிதில் ஒதுக்கக்கூடிய வாதம் அல்ல. நாளை இதைவிட நல்ல தொழில்நுட்பம் வரலாம், ஒன்றையே பிடித்துக்கொண்டால் அது நுழைய முடியாது. தாராளப் பொருளாதாரம் பேசுகிறவர்கள் இன்றும் இதைத்தான் சொல்கிறார்கள். நீதிமன்றம் 2002 ஏப்ரல் 5 தீர்ப்பில் அதை ஏற்கவில்லை. அது சொன்ன காரணங்களில் ஒன்று இந்திய நடைமுறையை நன்கு அறிந்தது: டீசலில் மண்ணெண்ணெய் கலக்கலாம், சிஎன்ஜி-யில் கலப்படம் செய்ய முடியாது. புகை வரம்பை ஒவ்வொரு வண்டியாகச் சோதித்து நிலைநாட்ட வலுவான கண்காணிப்பு வேண்டும். அது இல்லாத இடத்தில், ஏமாற்ற முடியாத எரிபொருளைத் தேர்ந்தெடுப்பதே கண்காணிப்பாகிறது. சாலையில் ஓடும் டீசல் பேருந்துக்கு நாள் ஒன்றுக்கு 500 ரூபாய், முப்பது நாளுக்குப் பிறகு 1,000 ரூபாய் என்று அபராதமும் விதித்தது அந்தத் தீர்ப்பு. 2002 டிசம்பரில் டெல்லியின் கடைசி டீசல் நகரப் பேருந்து ஓய்வு பெற்றது.

ஆனால் டெல்லியின் காற்று இன்று எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பேருந்துகள் மாறிய பிறகு அந்நகரின் சாலைகளில் கார்களும் இரு சக்கர வாகனங்களும் பெருகின. டீசல் கார்களின் பங்கு வேகமாகக் கூடியது. கட்டுமானத் தூசு, அனல் மின் நிலையங்கள், குளிர்காலத்தில் எரியும் வைக்கோல் எல்லாம் சேர்ந்துகொண்டன. பேருந்துகளை 10,000 ஆக உயர்த்த வேண்டும் என்பதும் 1998-ன் ஆணையில் இருந்தது. அந்தப் பகுதி நிறைவேறவே இல்லை. ஆகவே சிஎன்ஜி தோற்றது என்று சொல்வது பொருந்தாது. ஆணையின் பாதியை நிறைவேற்றிவிட்டு, மற்றப் பாதியை மறந்ததன் விளைவு அது. அரசு வண்டிகளைத் தூய்மையாக்குவதால் மட்டும் ஒரு நகரம் மூச்சுவிட்டுவிடாது. பேருந்தின் எண்ணிக்கை போதாவிட்டால், தூய்மையான பேருந்தில் ஏற வேண்டியவர் பைக் வாங்கிவிடுவார். இதனால்தான் டீசல் லிட்டரோடு, ஓடிய கிலோமீட்டரையும் சேர்த்து எண்ண வேண்டும் என்கிறேன். டீசல் பேருந்துகளைக் கழித்துவிட்டுப் புதியவை வாங்காமல் இருந்தாலும் லிட்டர் கணக்கு குறையும். அது வெற்றி ஆகாது.

எண்ணிக்கையை நம்பி ஏமாந்ததற்கும், பிறகு திருந்தியதற்கும் சீனா இன்னோர் எடுத்துக்காட்டு. ஷென்சென் நகரம் 2017 முடிவதற்குள் தன் 16,359 பேருந்துகளையும் மின்பேருந்துகளாக்கியது உலகறிந்த செய்தி. பேருந்து விலையில் ஏறக்குறைய பாதியை மானியமாகத் தந்துதான் அது முடிந்தது. ஆனால் அதே மானியத்தை வைத்து நடந்த மோசடி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வண்டி ஒன்றுக்கு இவ்வளவு என்று பணம் தந்தபோது, சில பேருந்துத் தயாரிப்பாளர்கள் காகிதத்தில் மட்டும் பேருந்து செய்து பணம் வாங்கினார்கள். 2016 செப்டம்பரில் சீன நிதி அமைச்சகம் ஐந்து கம்பெனிகளைப் பகிரங்கமாகப் பெயர் சொல்லி, சுமார் 100 கோடி யுவான் மோசடியை வெளியிட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் விதி மாறியது: வண்டி 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகே மானியம் கேட்க முடியும். 2018-ல் அது 20,000 ஆகத் தளர்த்தப்பட்டது. ஆனால் ஓடியதைக் காட்டு, பிறகு பணம் கேள் என்ற கொள்கை நிலைத்தது. அமெரிக்கச் சட்டமன்றம் பதின்மூன்று ஆண்டுகளில் கற்ற பாடத்தைப் பெய்ஜிங் சில மாதங்களில் விதியாக்கிவிட்டது.

இந்தியாவின் முதல் முயற்சி அவ்வளவு நன்றாகத் தொடங்கவில்லை. மத்தியப் பொதுத்துறை நிறுவனமான இஇஎஸ்எல் 2017-ல் அரசு அலுவலகங்களுக்காக 10,000 மின் கார்களுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரியது. கார்கள் வரத் தொடங்கின, அலுவலக வளாகங்களில் சார்ஜர்கள் அதே வேகத்தில் வரவில்லை. ஒரு முறை சார்ஜ் செய்தால் நூறு கிலோமீட்டர்கூட ஓடவில்லை என்று அதிகாரிகள் பயன்படுத்தத் தயங்கியதாக 2018-ல் செய்திகள் வந்தன. பேருந்துகளில் நிலைமை வேறு. 2022-ல் இஇஎஸ்எல்லின் துணை நிறுவனமான சிஇஎஸ்எல், பெங்களூரு, டெல்லி, ஹைதராபாத், சூரத், கொல்கத்தா ஆகிய ஐந்து நகரங்களின் தேவையைச் சேர்த்து 5,450 மின்பேருந்துகளுக்கு ஒரே ஒப்பந்தப்புள்ளி விட்டது. பேருந்தை வாங்குவதற்குப் பதிலாக, ஓடும் கிலோமீட்டருக்குப் பணம் தருவது ஏற்பாடு. 12 மீட்டர் பேருந்துக்குக் கிலோமீட்டருக்கு 43 ரூபாய் 49 காசு என்ற விலை கிடைத்தது. மானியத்தைக் கழித்துப் பார்த்தாலும் டீசல் பேருந்தை ஓட்டுவதைவிட 27 சதவீதம் குறைவு என்றது அந்நிறுவனம். இந்த முறையில் நிறுத்தி வைத்த பேருந்துக்கு ஓட்டக் கட்டணம் கேட்க முடியாது. அஞ்சல் துறையின் கதை இங்கே திரும்பவும் நடப்பதற்கு இடம் குறைவு.

சென்னைக்கும் இந்த முறைதான் வந்திருக்கிறது. உலக வங்கி உதவியுடன் மாநகரப் போக்குவரத்துக் கழகம் முதல் கட்டமாக 625 மின்பேருந்துகளைக் கொண்டுவரத் திட்டமிட்டு, முதல் 120 தாழ்தளப் பேருந்துகள் 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து புறப்பட்டன. முதலமைச்சர் ஸ்டாலின் கொடியசைத்தார். அடுத்து பெரும்பாக்கம் பணிமனை. பணிமனையையே மொத்தமாக மாற்றுவதுதான் இதில் நல்ல முடிவு என்பேன். மின்மாற்றி, சார்ஜர், பராமரிப்புக் கூடம் எல்லாம் ஓர் இடத்தில் வருகின்றன; பேருந்து எந்தத் தடத்தில் போனாலும் இரவில் அங்கேதான் திரும்பியாக வேண்டும். நாடெங்கும் அலையும் கார்களுக்கு பங்க் தேடிய அமெரிக்கத் துறைகளுக்கு இல்லாத வசதி இது. மாற்று எரிபொருளை அரசு எங்கிருந்து தொடங்க வேண்டும் என்றால், அதிகாரியின் காரிலிருந்து அல்ல, தினமும் ஒரே தடத்தில் ஓடி ஒரே இடத்தில் தங்கும் பேருந்திலிருந்து, குப்பை லாரியிலிருந்து.

கிலோமீட்டருக்குப் பணம் தரும் இந்த ஏற்பாட்டுக்குத் தொழிற்சங்கங்கள் தெரிவிக்கும் எதிர்ப்பை ஒதுக்கிவிட முடியாது. ஓட்டுநரையும் பராமரிப்பையும் ஒப்பந்த நிறுவனம் தருகிறது, நடத்துநர் மட்டும் கழகத்தின் ஊழியர். மின்பேருந்து என்ற பெயரில் தனியார்மயம் நுழைகிறது என்று அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் மின்மோட்டாருக்கும் தனியார்மயத்துக்கும் இயற்கையான உறவு எதுவும் கிடையாது. கழகமே சொந்தமாகப் பேருந்து வாங்கி, சொந்த ஓட்டுநரை வைத்து, கிலோமீட்டர் கணக்கை மட்டும் அதே கறாரோடு எழுதலாம். ஒப்பந்த முறையே தொடர்வதென்றால், ஓட்டுநரின் ஊதியத்துக்கும் வேலை நேரத்துக்கும் ஒப்பந்தத்திலேயே கீழ்வரம்பு எழுதப்பட வேண்டும். இல்லையேல் கிலோமீட்டர் விலை குறைவதன் சுமை ஓட்டுநர் தலையில் விழும். இன்னொரு பக்கம், கழகங்கள் பணம் தரத் தாமதிக்கும் என்று கம்பெனிகள் அஞ்சுகின்றன. இதற்காகவே மத்திய அரசு 2024 செப்டம்பரில் 3,435 கோடி ரூபாயில் ஒரு உத்தரவாதத் திட்டத்தை அறிவிக்க வேண்டியிருந்தது.

நிலக்கரியை எரித்து எடுக்கும் மின்சாரத்தில் பேருந்து ஓட்டி என்ன பயன் என்பது அடுத்த கேள்வி. நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது என்பது உண்மை. டீசல் இன்ஜினில் எரிபொருளின் ஆற்றலில் பாதிக்கு மேல் வெப்பமாகவே போய்விடும், மோட்டாரில் அந்த இழப்பு மிகக் குறைவு. ஆகவே கணக்கு நினைப்பது போல் மோசமல்ல. டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-ல் சேர்த்தது. அந்தப் புகை நிறுத்தத்தில் நிற்பவரின் மூக்குக்கு நேராக வருகிறது. ஆனால் சென்னையைப் பொறுத்தவரை இந்தப் பதிலோடு நிறுத்திக்கொள்வது நியாயமல்ல. அண்ணா சாலையில் குறையும் புகை, எண்ணூர் பக்கத்து அனல் மின் நிலையங்களின் சாம்பலாக வடசென்னை மக்கள் மீது இறங்கினால், அது மாற்றம் அல்ல, இடமாற்றம். பகலில் சூரிய மின்சாரம் மிகும் நேரத்தில் பேருந்துகள் ஒரு சுற்று சார்ஜ் செய்துகொள்ளும்படி ஓட்ட அட்டவணை அமைய வேண்டும். காற்றாலையிலும் சூரிய ஒளியிலும் முன்னணியில் இருக்கும் மாநிலத்துக்கு இது பெரிய காரியம் அல்ல.

இன்னோர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். பெட்ரோலில் எத்தனாலை 20 சதவீதம் கலப்பதை நாடு எட்டிவிட்டது. அதற்கு மேலும் எத்தனாலில் ஓடக்கூடிய, இரு எரிபொருள் கார்களைப் பற்றி மத்திய அமைச்சர் நிதின் கட்கரி பல ஆண்டுகளாகப் பேசி வருகிறார். அப்படி ஒரு மாதிரிக் காரை 2023 ஆகஸ்டில் அறிமுகப்படுத்தவும் செய்தார். பதினைந்து ஆண்டுக்கு மேல் பழைய அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்க முடியாது என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருப்பதால், எல்லாத் துறைகளும் புது வண்டி வாங்கும் நேரம் இது. இரு எரிபொருள் கார்களும் மாற்று எரிபொருள் வண்டிகளாகக் கணக்கில் ஏறும் என்று ஓர் ஆணை வந்தால், அமெரிக்க அஞ்சல் துறையின் முப்பதாயிரம் வண்டிகளை நாம் இங்கே மறுபடி வாங்குவோம். டெல்லி ஆணையின் ஒற்றை எரிபொருள் என்ற சொல் அந்த இடத்தில் நிற்க வேண்டும்.

அரசு வண்டிகள் மொத்த வாகனங்களில் சிறு பங்குதானே என்பார்கள். தமிழ்நாட்டின் எட்டு அரசுப் போக்குவரத்துக் கழகங்களில் ஏறத்தாழ 20,000 பேருந்துகள் இருக்கின்றன. ஒரு பேருந்து ஒரு நாளில் ஓடும் தூரம், சொந்தக் கார் ஒன்று பல நாளில் ஓடுவது. எண்ணிக்கையில் சிறியது, எரிக்கும் டீசலில் சிறியதல்ல. இங்கேயும் வண்டியை எண்ணும் பழக்கம்தான் நம் கண்ணை மறைக்கிறது.

போக்குவரத்துத் துறை ஆண்டுதோறும் மானியக் கோரிக்கையின்போது சட்டமன்றத்தில் கொள்கை விளக்கக் குறிப்பு ஒன்றை வைக்கிறது. அடுத்த குறிப்பில் ஒரு பக்கம் கூடுதலாக இடம்பெறட்டும். பணிமனை வாரியாக அந்த ஆண்டு எரித்த டீசல் எத்தனை லிட்டர், முந்தைய ஆண்டு எத்தனை. மின்பேருந்துகள் ஓடிய கிலோமீட்டர் எத்தனை, ஓடாமல் நின்ற நாள்கள் எத்தனை. ஏறிய பயணிகள் எத்தனை பேர். இந்தக் கணக்குகளைப் பணிமனைகள் ஏற்கெனவே அன்றாடம் எழுதுகின்றன. அவற்றைத் தொகுத்து ஒரு பக்கத்தில் அச்சிட்டுத் தரும்படி போக்குவரத்துத் துறை அமைச்சரைக் கேட்டுக்கொள்கிறேன்.